அம்மா இப்போது எங்கே இருக்கிறார், சாமி?
வாசகர் கேள்விகளும் பங்குத்தந்தையின் பதில்களும்

கேள்வி: 8 மாதங்களுக்கு முன் என் அம்மா இறந்தார். கடைசி வாரத்தில் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார், நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி வேண்டும் நோயிற்பூசுதல் பெற்றார், நன்மையும் (நற்கருணை) வாங்கினார். அப்படியும் அவருக்காகப் பூசை (திருப்பலி) வைக்கச் சொல்கிறார்கள். கடவுள்தான் மன்னித்துவிட்டாரே, பிறகு எதற்கு, மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் தூய்மையாகும் அந்த உத்தரிக்கிற ஸ்தலம்? அம்மா நெருப்பில் வேகிறார் என்று நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. (ஒரு வாசகி)

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஒவ்வோர் ஆன்மாவுக்கும் மோட்சம் உறுதி. கடவுளின் அருளிலும் நட்பிலும் இறந்தவர்கள்தான் அங்கே போகிறார்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1030-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் அம்மா தொலைந்துபோகவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். மன்னித்த பிறகு என்ன மிச்சம்? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்ல முடியாது. அதனால் என் கதையையே சொல்கிறேன்.

குருமடத்தில் படித்தபோது நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தின் மேல் மையைக் கொட்டிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்ததாக அந்தப் புத்தகத்தை எடுத்தவர் என்னைவிட இளைய மாணவர். பழி அவர்மேல் விழுந்தது. அந்த மாதம் வீட்டுக்குப் போக அவருக்கு அனுமதி இல்லை. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு தாங்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வயதான அந்தக் குரு, நூலகப் பொறுப்பாளர், அந்தத் தம்பி இருவர் முன்னாலும் உண்மையைச் சொல்வதையே எனக்கு அபராதமாகக் கொடுத்தார். பாவமன்னிப்பும் அளித்தார். “மன்னிப்புதான் கிடைச்சிடுச்சே சாமி, இது எதுக்கு?” என்று கேட்டேன். “மன்னிப்பு உனக்குக் கிடைச்சுது. புத்தகத்துல மை அப்படியேதான் இருக்கு” என்றார்.

நூலகக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உள்ளே போய்ச் சொன்னேன். அந்தத் தம்பி என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது. அதோடும் முடியவில்லை. சின்னத் தவறுகளை மறைக்கும் பழக்கம் என்னோடு இன்னும் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாவத்தின் குற்றம் மன்னிக்கப்படுகிறது, நித்திய தண்டனையும் நீங்குகிறது. ஆனால் அது பிறருக்குச் செய்த சேதமும் நமக்குள் விட்டுப்போன கோணலும் மிச்சமிருக்கின்றன. நம் பெரியவர்கள் அநித்திய தண்டனை என்று சொன்னது இதைத்தான். அபராதமும் தவமும் தருமமும் இந்த மிச்சத்தைச் சரிசெய்யும் வேலை. நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவர் சக்கேயு இயேசுவை வீட்டுக்குள் ஏற்றுக்கொண்ட கையோடு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றார் அல்லவா? இங்கே முடிக்காமல் போனதை இறந்த பிறகு கடவுளே நம்மில் முடித்துத் தருகிறார். அதுதான் உத்தரிப்பு.

‘ஸ்தலம்’ என்ற பழைய சொல் நம்மைக் கொஞ்சம் வழிதவற வைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். சுவரும் அடுப்பும் உள்ள ஓர் இடம் கண்முன் வந்துவிடுகிறது. 1563-இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இதைப் பற்றி ஆணை வெளியிட்டபோது உறுதியாகச் சொன்னவை இரண்டுதான்: உத்தரிப்பு உண்டு, அங்குள்ள ஆன்மாக்களுக்கு நம் வேண்டுதல்கள், முக்கியமாகத் திருப்பலி, உதவுகின்றன. எவ்வளவு நாள், எப்படிப்பட்ட நெருப்பு என்று அது வரையறுக்கவில்லை. நம்மைச் சுட்டு மீட்கும் அந்த நெருப்பு கிறிஸ்துவேதான் என்று இக்கால இறையியலாளர் சிலர் கருதுவதைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எழுதிய சுற்றுமடலில் எடுத்துச் சொல்கிறார். ஜெனோவா நகர் புனித கத்தரீன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மோட்சத்தில் உள்ள புனிதர்களின் மகிழ்ச்சியைத் தவிர, உத்தரிக்கும் ஆன்மாக்களின் மகிழ்ச்சிக்கு ஈடு எதுவும் இல்லை என்கிறார் அவர். வேதனை உண்டுதான். ஆனால் அது நேசிப்பவரை நெருங்க நெருங்க, நம் அழுக்கு நமக்கே தெரிகிற வேதனை.

உங்கள் அம்மா ஏற்கெனவே மோட்சத்தில் இருக்கலாம். அப்படியானாலும் உங்கள் ஜெபம் வீண்போகாது. இறந்தவர்களுக்காக வேண்டுவது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. போரில் இறந்த தன் வீரர்களின் பாவம் நீங்க, யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே ஏறக்குறைய 2,000 வெள்ளி நாணயம் திரட்டிப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார் (2 மக்கபேயர் 12). 387-இல் உரோமை அருகே ஓஸ்தியாவில் சாகக் கிடந்த புனித மோனிக்கா, தன் உடலை எங்கே புதைத்தாலும் சரி, ஆண்டவரின் பீடத்தில் தன்னை நினைத்துக்கொண்டால் போதும் என்றுதான் மகன் அகுஸ்தினாரிடம் கேட்டார். உங்கள் அம்மாவும் உங்களிடம் அதைத்தான் கேட்பார். பயந்து தூக்கம் கெட வேண்டாம் சகோதரி, பூசையில் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டியின் பழைய ஜெபப் புத்தகத்தில் சில ஜெபங்களுக்குக் கீழே ‘300 நாள் பலன்’ என்று இருக்கிறது. ஒரு முறை சொன்னால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையுமா? பணக்காரர்கள் நிறையப் பூசை வைத்துச் சீக்கிரம் போய்விடுவார்களா?

பதில்: குறையாது. பலன் என்பது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் அநித்திய தண்டனையைத் திருச்சபை நீக்கித் தருவது. பழங்காலத் திருச்சபையில் பாவிகள் பல நாட்கள் கடுந்தவம் செய்தார்கள். அத்தனை நாள் தவத்துக்கு இணை என்பதே அந்தக் கணக்கு. குழப்பம் வேண்டாம் என்றுதான் 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நாள் கணக்கை எடுத்துவிட்டார். இப்போது அந்தத் தண்டனை முழுவதையும் நீக்கும் பரிபூரண பலன், ஒரு பகுதியை நீக்கும் பகுதிப் பலன் என்ற இரண்டு மட்டும்தான். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக வேண்டினால், நாளுக்கு ஒரு பரிபூரண பலனை ஓர் ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம், நன்மை, திருத்தந்தையின் கருத்துக்காக ஜெபம் இவையும் வேண்டும். எந்தப் பாவத்தின்மேலும், அற்பப் பாவத்தின்மேலும்கூட, பற்று இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் கஷ்டம்.

பணம் விஷயம்: திருப்பலியை யாரும் விலைக்கு வாங்க முடியாது. காணிக்கை தர முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் பூசை வைக்கும்படி குருக்களைத் திருச்சபைச் சட்டமே வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறது. கையில் பணம் இல்லையென்றால் தயங்காமல் உங்கள் சாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 78 வயது. நல்ல மரணம் கிடைக்க என்ன ஜெபம் சொல்ல வேண்டும்? தம்பியோடு 15 வருடமாகப் பேச்சு இல்லை, அது வேறு கதை. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

பதில்: ஐயா, கண்டிப்பாக வேண்டிக்கொள்கிறேன். புனித சூசையப்பர் நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர். அவரை நோக்கித் தினமும் ஒரு சிறு ஜெபம் போதும். இரவில் படுக்கும் முன், பாவத்துக்காக மனம் வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லுங்கள். நோயிற்பூசுதலுக்கு மூச்சு இழுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பழைய பெயரைக் கேட்டே பலர் பயந்துவிடுகிறார்கள். முதுமையில் உடல் தளரும்போதே அதைப் பெறலாம், நிலை மோசமானால் மறுபடியும் பெறலாம்.

ஆனால் நீங்கள் வேறு கதை என்று ஒதுக்கியதுதான் ஐயா, உங்கள் கடிதத்தில் முக்கியமான கதை. யார்மேல் தப்பு என்று நான் கேட்கப் போவதில்லை. தம்பிக்கும் வயதாகியிருக்கும். எண் இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குங்கள். எடுத்ததும் பழைய விவகாரத்தைப் பேச வேண்டாம், உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவர் போனை வைத்துவிட்டால் ஒரு வாரம் விட்டு மறுபடி கூப்பிடுங்கள். அப்புறம் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.