தூண்டில் இரைக்கு வாசனைத் திரவம் வாங்க வேண்டுமா?

கேள்வி: விடுமுறை நாள்களில் எங்கள் ஊர் ஏரியில் ரோகு, மிர்கால், கெளுத்தி ஆகியவற்றைத் தூண்டிலில் பிடிப்பது வழக்கம். இரையில் கலக்கும் வாசனை எண்ணெய், 50 மில்லி 450 ரூபாய் என்று இணையத்தில் விற்கிறார்கள். எல்லா மீனையும் இழுக்கும் என்கிறது விளம்பரம். வாங்கலாமா, வீட்டிலேயே தயாரிக்கலாமா?

பதில்: வீட்டுத் தயாரிப்பே போதும். நீரில் கரைந்து வரும் பொருள்களைக் கொண்டுதான் மீன் மணத்தை அறிகிறது. அவற்றுள்ளும் அமினோ அமிலங்களை மிக நுட்பமாக உணர்கிறது. எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதந்துவிடுவதால், நம் மூக்கைத் துளைக்கும் வாசனை அடியில் மேயும் மிர்காலுக்கு எட்டும் என்பதற்கு உறுதியில்லை.

கடலைப் புண்ணாக்கை இரவே ஊறவைத்து, வறுத்த தவிடும் சிறிது வெல்லமும் சேர்த்து, மைதா தூவிச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசையுங்கள். பெருங்காயம் சேர்ப்பதானால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். ஓர் உருண்டையைக் கொக்கியில் செருகி வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள்: ஓரம் மட்டும் கரைந்து நீர் கலங்க வேண்டும், உருண்டை கழன்று விழக்கூடாது. விழுந்தால் மைதாவைக் கூட்டுங்கள். கல்லாக நின்றால் தவிட்டைக் கூட்டுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

கெளுத்திக்கு மீசையிலும் உடல் தோலிலும்கூடச் சுவை உணர்வு உண்டு. கோழிக்குடலோ ஈரலோ வைத்தாலே தேடி வரும். விராலோ அசையும் இரையைப் பெரிதும் கண்ணால் கண்டு பாய்வது. ஆகவே, "எல்லா மீனையும்" என்ற விளம்பரத்தை நான் ஏற்கவில்லை.

அப்படியும் வாங்குவதானால், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கோருகிறபடி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை அச்சாகியுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். மீனை மயக்கும் மருந்து என்று எவரேனும் விற்றால் இலவசமாகக்கூட வாங்காதீர்கள். மீன் பிடிக்க நீரில் நஞ்சு கலப்பது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம்.