பாங்குஸ் விழாவில் சாமி எங்கே?

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸின் டகுபன் நகரத்தில் நடக்கும் மீன் விழா பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். தெரு நீளத்துக்கு அடுப்பு வைத்து பாங்குஸ் மீனைச் சுட்டு கின்னஸ் சாதனை செய்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதில் என் மனம் ஒட்டவில்லை. திருவிழா என்றால் ஒரு சாமி, ஒரு நேர்ச்சை, வழிவழியாக வரும் ஒரு முறை வேண்டாமா? நகர நிர்வாகம் தேதி குறித்து நடத்துவது விளம்பரம்தானே? அந்த மீன் நம் பக்கமும் கிடைக்கிறதே, இங்கே ஏன் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை?

மீன்வளப் படிப்பு மாணவி, தூத்துக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

டகுபனுக்குச் சாமி உண்டு. நற்செய்தியாளர் யோவான்தான் அந்த ஊரின் பாதுகாவலர். அவருடைய திருநாள் டிசம்பர் 27, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வந்துவிடும். ஏப்ரலில் நடக்கும் பாங்குஸ் விழா வேறு. அது 2000-களின் தொடக்கத்தில் நகர நிர்வாகம் தொடங்கியது. வியாபாரமும் சுற்றுலாவும் பெருக வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள், அதை அவர்கள் மறைத்ததும் இல்லை.

சாதனை விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். 2003 மே மாதம் டகுபன்காரர்கள் அடுப்புகளை வரிசையாக வைத்து 1,007 மீட்டருக்கு மேல் மீன் சுட்டார்கள். 2014-இல் அதே பங்காசினான் மாகாணத்தில் இருக்கும் பயம்பாங் ஊர் எட்டு கிலோமீட்டருக்கு அடுப்பு வைத்தது. நீளத்தை வைத்துப் பெருமைப்பட்டால் பக்கத்து ஊர் அதைவிட நீளமாக ஒன்றைச் செய்துவிடும், அவ்வளவுதான்.

ஆனால் அதே விழாவில் முள் எடுக்கும் போட்டி என்று ஒன்று இருக்கிறது. அதற்காகவே நான் இந்த விழாவை மதிக்கிறேன்.

பாங்குஸ் நம் பால்கெண்டைதான். ருசியான மீன், ஆனால் உடம்பெல்லாம் முள். இருநூறுக்கும் மேல் இருக்கும். அதில் பல சதைக்குள் புதைந்து கிடக்கும் கவைமுள், அதாவது நுனி இரண்டாகப் பிரிந்த முள், மயிரிழை போல மெல்லியது. நாம் வயிற்றைக் கீறுவோம், அங்கே முதுகுப் பக்கமாகக் கீறி மீனைப் புத்தகம் மாதிரி விரிக்கிறார்கள். நடுமுள்ளை எடுத்த பிறகு, சிறிய இடுக்கியால் முதுகிலும் வயிற்றிலும் வரிசை வரிசையாக இருக்கும் முட்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். அவசரப்பட்டால் சதை பிய்ந்துவிடும், முள் உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். எல்லா முள்ளும் போய், மீன் மட்டும் முழுதாக இருக்க வேண்டும்.

இந்தத் திறமை உள்ளவர்கள் வருஷம் முழுக்கச் சந்தையிலும் பதப்படுத்தும் கூடங்களிலும் கூலிக்கு உட்கார்ந்திருப்பவர்கள். முள் எடுத்த பாங்குஸை வினிகரில் ஊறவைத்து வறுத்துச் சாப்பிடுகிறவருக்கு அவர்களைத் தெரியாது. ஏப்ரலில் மட்டும் ஊர் அவர்களைச் சுற்றி நின்று பார்த்துக் கைதட்டுகிறது. குவியலில் கையை விட்டு, மீனை அளவுவாரியாகப் பிரித்துப் போடுகிறவர்களுக்கும் போட்டி உண்டு. சாமி பெயரால் நடக்கும் எத்தனை விழாக்களில் மீன் கழுவுகிறவரை முன்னால் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள்? எனக்கு இது விளம்பரமாகத் தெரியவில்லை.

விழா மேடையில் அதிகம் பேசப்படாத விஷயங்களும் உண்டு. உங்கள் படிப்புக்கு அவைதான் முக்கியம். டகுபனின் போனுவான் பகுதிக் குளத்து மீனுக்குத் தனி மவுசு. அதனால் வேறு ஊர் மீனும் அந்தப் பெயரில் விலைபோகிறது. ஆறுகளில் அனுமதி இல்லாமல் நெருக்கமாகப் போட்ட மீன் வளர்ப்புப் பட்டிகள் நீரோட்டத்தைத் தடுத்தன, நகர நிர்வாகமே அவற்றைப் பிடுங்க வேண்டி வந்தது. மீன்குஞ்சும் போதாமல் இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதி செய்கிறார்கள். தன் மீனைப் பற்றி இவ்வளவு பெருமைப்படும் நாடு குஞ்சுக்கு வெளியே கையேந்துவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். மண்டபம், ராமேஸ்வரம் பகுதியில் பால்கெண்டைக் குஞ்சைக் கரையோரத்தில் பிடித்துக் குளத்தில் விட்டு வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இந்த மீனைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது, இந்தியாவில் அதுதான் முதல் முறை. ஆக, குஞ்சுக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் வீட்டில் "முள்ளு மீனா?" என்று கேட்டதும் வாங்குகிற கை பின்வாங்கிவிடுகிறது. நம் மீன் சந்தைகளில் நொடியில் செதில் உரித்துத் துண்டு போடும் அக்காக்களுக்கு அந்த முதுகுக் கீறலும் இடுக்கி வேலையும் பழக அதிக நாள் ஆகாது என்று நினைக்கிறேன். உங்கள் கல்லூரியில் மீன் பதப்படுத்தும் பிரிவு இருந்தால் அவர்களில் சிலரைக் கூப்பிட்டு ஒரு பயிற்சி நடத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நடந்தால் எனக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்.