டைப் 1 சர்க்கரை உள்ள மாணவர்கள் நாமே கேட்டு அரசு விதிகளை மாற்ற வைக்க முடியுமா?

முடியும். என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்குப் பதினோரு வயதில் டைப் 1 வந்தது. உடலில் இன்சுலின் சுரக்காததால் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டிய சர்க்கரை நோய் இது. பிளஸ் டூ வேதியியல் தேர்வன்று குளுக்கோமீட்டரையும் குளுக்கோஸ் பொட்டலத்தையும் வராண்டா பெஞ்சில் வைத்துவிட்டு வரச் சொன்னார் கண்காணிப்பாளர். "எனக்கு அப்படி எதுவும் உத்தரவு வரலைம்மா" என்றார். பதினொன்றரை மணி வாக்கில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, உள்ளங்கை வியர்த்து உதடு மரத்துப்போனது. ஒரே கேள்வியை மூன்று முறை படித்தும் புத்தியில் ஏறவில்லை. வெளியே போய் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, பேனாவைப் பிடிக்கும் அளவுக்குக் கை நடுக்கம் அடங்க இருபது நிமிடம் ஆனது. அந்த நேரத்தை யாரும் கூட்டித் தரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் ஓர் உத்தரவு இருந்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்.

சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு அந்த உத்தரவு 2017-லேயே வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரை, பழம், சாண்ட்விச் எல்லாம் பொதுத்தேர்வு அறைக்குள் கொண்டுபோகலாம். 2023 மார்ச்சில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், இடையில் சாப்பிடவும் விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். உத்தரப் பிரதேசம் அதை வைத்துப் பள்ளிகளுக்கு உத்தரவே போட்டது. அதனால் மனு எழுதும்போது கெஞ்ச வேண்டாம். இவற்றையெல்லாம் குறிப்பிட்டு, "எங்களுக்கும் இதே உத்தரவு வேண்டும்" என்று கேளுங்கள்.

சட்டத்தில் நம் நிலைமை கொஞ்சம் சிக்கல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலில் உண்டு. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியாவும், பரம்பரை ரத்த நோயான தலசீமியாவும் அதில் இருக்கின்றன, டைப் 1 பெயர் சொல்லி இல்லை. 99-ஆவது பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் பட்டியலில் ஏறிவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு அதே சட்டத்தின் 4 சதவீத வேலை இடஒதுக்கீடு கிடையாது. ரத்தக்கசிவு வந்து மூட்டு வீங்கிக் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

நம்பிக்கை தரும் தீர்ப்பு ஒன்றும் இருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள விகாஷ் குமார் என்ற இளைஞர், யு.பி.எஸ்.சி. தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவி எழுத்தர் கேட்டுப் போராடினார். சலுகைகளுக்கு வழக்கமாகக் கேட்கும் 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இல்லாவிட்டாலும் அவருக்கு எழுத்தர் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே 40 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் எழுத்தர் வைத்துக்கொள்ள மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. ஒருவர் கேட்டதால் வந்தது அது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். மனுவில் குறிப்பாகக் கேளுங்கள்: மீட்டர் உள்ளே வர வேண்டும், குளுக்கோஸ் மேஜை மேல் இருக்க வேண்டும், சர்க்கரை லோ ஆனால் வீணாகும் நேரத்தைக் கூட்டித் தர வேண்டும். மனுவைக் கொடுத்ததற்கு அடையாளமாக அதன் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வரவில்லையா, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 2023 கடிதத்தின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம்விடக் கஷ்டம் வீட்டில்தான். "பொண்ணுக்கு சுகர்னு வெளியே தெரிஞ்சா யார் கட்டிக்குவா?" என்று அம்மா பத்து வருடம் என் வாயைக் கட்டிவைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் கழிவறையில் ஒளிந்துதான் ஊசி போட்டுக்கொள்வேன். இப்படி எத்தனை வீடுகளில் மறைத்துக்கொண்டிருக்கிறார்களோ. யாருமே வெளியே சொல்லாவிட்டால் அதிகாரி யாருக்காக உத்தரவு போடுவார்? போன வருடம் மனுவுக்குக் கையெழுத்து வாங்கியபோது தயங்கித் தயங்கித்தான் அம்மாவிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் கேட்காமலே கீழே எழுதினார்: "டைப் 1 உள்ள பெண்ணின் தாய்."