ஆன்ட்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கோணுங்களா?

கே: பொண்ணு கோயமுத்தூருல காலேஜ் சேர்ந்திருக்கறா. லேப்டாப் வாங்கி ஒரு மாசந்தான் ஆச்சுங்க. கூடவே வந்த ஆன்ட்டிவைரஸ் ‘காலாவதி ஆயிருச்சு, பணம் கட்டுங்க’ன்னு தினமும் வந்து நிக்குது. கடைக்காரரு வேற ஒண்ணு போடோணுங்கறாரு. எதை வாங்கறதுங்க?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

ப: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. நீங்கள் கொடுத்த லேப்டாப் விலையில் அதுவும் சேர்த்தி. வேறொரு ஆன்ட்டிவைரஸ் உள்ளே இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஒரே ஃபைலை இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால் மெஷின் திணறிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. அதனால் காலாவதியானதை முதலில் நீக்குங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய், அதன் பெயருக்கு நேரே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு அன்இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கம்பெனியின் தளத்திலேயே நீக்குவதற்கான கருவி இருக்கிறதா பாருங்கள். பெரிய கம்பெனிகள் இதை இலவசமாகவே தருகின்றன.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போங்கள். ரியல்-டைம், கிளவுட், டேம்பர் ஆகிய மூன்று பாதுகாப்பும் ஆனில் இருக்க வேண்டும். டேம்பரை விட்டுவிடாதீர்கள். உள்ளே நுழையும் பல வைரஸ்கள் முதலில் ஆன்ட்டிவைரஸைத்தான் அணைக்கப் பார்க்கும். அதற்குப் போட்ட பூட்டு அது. எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ‘ஐகார்’ சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தக் கெடுதலும் செய்யாது. ஆன்ட்டிவைரஸ்கள் சோதனைக்காக அதை வைரஸ் என்றே பிடிக்கும்படி பேசி வைத்திருக்கிறார்கள். டவுன்லோடு செய்தவுடன் டிஃபெண்டர் தடுத்தால் நல்லது.

கே: காசு கொடுத்தே வாங்கறதுன்னா எதைப் பார்க்கோணுங்க?
- வாசகர், நாமக்கல்

ப: போன் செய்து உதவி கேட்க ஓர் ஆள் வேண்டும், வீட்டிலுள்ள நாலைந்து மெஷினுக்கும் ஒரே சந்தாவாக வேண்டும் என்றால் வாங்குவதில் தப்பில்லை. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என்று நம் நாட்டுக் கம்பெனிகளே இருக்கின்றன. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் தரும் மதிப்பெண்ணைப் பாருங்கள். பாதுகாப்பு, வேகம், தவறான எச்சரிக்கை என ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் மொத்தம் 18. டிஃபெண்டரும் அங்கே பரீட்சை எழுதுகிறது. பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதல் வருட விலை எப்போதும் மலிவாகத் தெரியும், இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கே: வீட்டுலயே தையல் ஜாப் ஒர்க் கணக்கு டேலியில போடறோமுங்க. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். ஆன்ட்டிவைரஸ் போட்டதுக்கப்புறம் மெஷின் நவுரவே மாட்டேங்குது. லேசானது எதுங்க?
- வாசகி, திருப்பூர்

ப: வேகத்தை விடப் பெரிய கவலை உங்கள் விண்டோஸ்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் (இஎஸ்யு) பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதற்குப் பிறகும் டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் வந்துகொண்டிருக்கும் என்றாலும், விண்டோஸில் விழும் ஓட்டையை எந்த ஆன்ட்டிவைரஸாலும் அடைக்க முடியாது. 2017 மே மாதம் உலகையே ஆட்டிய வான்னாக்ரை வைரஸ் அப்படிப்பட்ட ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாத மெஷின்கள் மாட்டிக்கொண்டன. உங்கள் மெஷின் விண்டோஸ் 11 ஏற்குமா என்பதை ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவச ஆப் சொல்லிவிடும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய மெஷின் என்றால் ஏற்காது.

மெதுவாக ஓடுவதற்கு, பழைய மெஷின் என்றால் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். ஸ்கேன் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் சந்தேகமே வேண்டாம். சுழலாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்காக மாற்றி, ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். டேலியின் டேட்டா ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கினாலும் வேகம் கூடும். அந்த ஒரு ஃபோல்டரோடு நிறுத்துங்கள். சி டிரைவ் முழுவதையும் விலக்கினால் ஆன்ட்டிவைரஸ் இருந்தும் இல்லாத கதைதான்.

சந்தாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள் என்பதே என் அழுத்தமான யோசனை. ரேன்சம்வேர் வந்தால் பில், கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். செருகியே வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். வாரம் ஒருமுறை செருகி, டேலி பேக்கப்பை எடுத்துவிட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுப்பது இன்னும் உசத்தி. விண்டோஸில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற தடுப்பும் இருக்கிறது. அதை ஆன் செய்தபின் டேலி ‘சேவ் ஆகவில்லை’ என்று முரண்டு பிடித்தால், அனுமதித்த ஆப்களின் பட்டியலில் டேலியைச் சேர்த்துவிடுங்கள்.

கே: ஜெராக்ஸ் கடையில பென் டிரைவ் போட்டு வந்ததுக்கப்புறம் கல்யாணப் போட்டோ எல்லாம் ஷார்ட்கட் ஆயிருச்சுங்க. ஃபார்மட் பண்ணச் சொல்றாங்க.
- வாசகர், பெருந்துறை

ப: ஃபார்மட் செய்துவிடாதீர்கள். போட்டோக்கள் பெரும்பாலும் பத்திரமாக உள்ளேயே ஒளிந்திருக்கும். ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யவும் வேண்டாம். ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ வரியைப் படியுங்கள். போட்டோவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட் (கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்கள்) என்று நீளமாக ஏதாவது இருந்தால் அதுதான் புழு, தானே பரவும் வைரஸ். தொட்டால் அது முதலில் ஓடும். சந்தேகம் வராமல் இருக்க உங்கள் ஃபோல்டரையும் திறந்து காட்டும்.

பென் டிரைவை ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ போய், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டாவது டிக்கை மறப்பவர்கள்தான் ‘போட்டோ போயே போச்சு’ என்று கலங்குகிறார்கள். சிலவேளை எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். போட்டோக்களை மட்டும் காப்பி எடுத்துச் சரிபார்த்த பிறகு ஃபார்மட் செய்யுங்கள். வீட்டு மெஷினிலும் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கட்டாயம். ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம் ஓடும். அதை விட்டுவிட்டால் சுத்தம் செய்த பென் டிரைவில் நாளைக்கே மறுபடியும் ஷார்ட்கட் முளைக்கும்.

கே: திரையோட வலது ஓரத்துல ‘5 வைரஸ் இருக்குது, உடனே பணம் கட்டுங்க’ன்னு வந்துக்கிட்டே இருக்குதுங்க.
- வாசகி, பொள்ளாச்சி

ப: அது பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்தில் நீங்கள் ‘அலோ’ அழுத்தியதால் வரும் விளம்பரம். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளங்களை நீக்குங்கள், நின்றுவிடும். அதில் வந்த நம்பருக்குப் போன் செய்து, அவர்கள் சொன்ன ஆப்பைப் போட்டிருந்தால் நெட்டை உடனே துண்டித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணமும் போயிருந்தால் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.