அமெரிக்காவுக்கு அகதியாக வந்த ஹ்மாங் (லாவோஸ் மலைப்பகுதி இனம்) பெண் ஒருவர் விவசாயிகளுக்குச் சங்கம் கட்டியது எப்படி?

பாக்கூ ஹாங்கைச் சொல்லலாம். தாய்லாந்து அகதி முகாமில் பிறந்தவர். லாவோஸ் போரில் அமெரிக்கா பக்கம் நின்ற ஹ்மாங் குடும்பங்கள் பல 1975க்குப் பிறகு அங்கேதான் தப்பி ஓடின. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். 2002இல் மீ மோவா என்ற ஹ்மாங் பெண் அமெரிக்காவின் மினசோட்டா மாநில செனட்டுக்கு ஜெயித்தபோது பிரசாரத்தை நடத்தியவர் பாக்கூதான்.

என்னைக் கேட்டால், அரசியலைவிடச் சுவாரசியமானது நிலச் சிக்கல்தான். மினசோட்டாவின் தலைநகரான செயின்ட் பால் சந்தையில் கொத்தமல்லியும் மிளகாயும் விற்கும் ஹ்மாங் விவசாயிகள் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது, குத்தகைதான். அடுத்த வருஷம் கையில் இருக்குமா என்று தெரியாத மண்ணுக்கு யார் எரு போடுவார்கள்? இதற்காகத்தான் 2011இல் ஹ்மாங் அமெரிக்க விவசாயிகள் சங்கத்தைப் பாக்கூ சிலரோடு சேர்ந்து தொடங்கினார். சங்கம் 155 ஏக்கர் பண்ணையை எடுத்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. விளைந்ததைப் பள்ளிகளுக்கும், வாராந்திரக் காய்கறிப் பெட்டியாக வீடுகளுக்கும் சங்கமே விற்றுத் தருகிறது.