எல்லா வீட்டிலும் குழாய் என்கிறது இணையதளம், தண்ணீர் எங்கே?

கேள்வி: மண்டபம் ஒன்றியத்தில் கடற்கரையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. எல்லா வீடுகளுக்கும் குடிநீர் இணைப்பு கொடுத்தாகிவிட்டதாக அரசு இணையதளம் காட்டுகிறது. எங்கள் தெருவிலோ வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் வண்டித் தண்ணீர்தான். அந்தக் கணக்கை வைத்து நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே செய்ய முடியும். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் இணையதளத்தில் நீங்கள் பார்த்தது குழாய்களின் எண்ணிக்கை. அவற்றில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்பதை அந்த எண் சொல்லாது. ஆனால் அதே திட்டத்தின் இலக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், அதாவது ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். இந்த இடைவெளியைத்தான் நீங்கள் எழுத்தில் நிறுவ வேண்டும்.

கடற்கரைக் குடியிருப்புகள் வேறொரு தாய்க் கிராமத்தின் பெயரில் பதிவாகியிருக்கக்கூடும் என்பதால், உங்கள் தெரு எந்தப் பெயரின் கீழ் வருகிறது என்பதை ஊராட்சிச் செயலரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு தெருவுக்கு ஒரு நோட்டுப் போட்டு, தண்ணீர் வந்த தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், வீட்டுக்கு எத்தனை குடம் கிடைத்தது என்று ஒரு மாதம் விடாமல் எழுதிவாருங்கள். குடம் எத்தனை லிட்டர் கொள்ளும் என்று ஒருமுறை அளந்துவிட்டால் குடக்கணக்கு லிட்டர் கணக்காகிவிடும். அதிகாரிகள் மறுக்க முடியாத சான்று இதுவே என்பது என் கருத்து.

அடுத்து, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு அனுப்புங்கள். ‘ஏன் தண்ணீர் வரவில்லை?’ என்று கேட்காதீர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல. எங்கள் மேல்நிலைத் தொட்டியில் கடந்த மூன்று மாதங்களில் நாள்வாரியாக ஏற்றப்பட்ட நீரின் பதிவேட்டு நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தண்ணீர் உப்புக் கரித்தால் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்புடையது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 2000 வரை அனுமதி உண்டு.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராம சபையில் இணையதளப் பக்கத்தின் அச்சையும் தெரு நோட்டையும் சேர்த்து வையுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதோடு திரும்பிவிடாமல், உங்கள் லிட்டர் கணக்கு தீர்மானத்தில் எழுதப்பட்டதை வாசித்துப் பார்த்துவிட்டே கலைந்து செல்லுங்கள்.