மாத்திரையைக் குறைக்கச் சொல்கிறது ஏஐ!

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது, பல வருஷமாகச் சர்க்கரையும் பிபியும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, கையில் ஒட்டுகிற சென்சாரும் ஏஐ மூலம் ஆலோசனை சொல்கிற செயலியும் வாங்கித் தந்திருக்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் சர்க்கரை 60க்கு இறங்குகிறது, இரவு மாத்திரையைக் குறையுங்கள் என்கிறது செயலி. டாக்டரிடம் அடுத்த மாதம்தான் போகவேண்டும். அதுவரை அது சொல்கிறபடி செய்யலாமா?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நீங்களாகக் குறைக்க வேண்டாம் சகோதரி, அடுத்த மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறார் என்று முதலில் பாருங்கள். சென்சார் அளப்பது ரத்தத்தில் அல்ல, தோலுக்கு அடியில் உள்ள நீரில் இருக்கும் சர்க்கரையை, அதனால் அந்தக் கை உடம்புக்கு அடியில் அழுந்தினால் இறங்காத சர்க்கரையும் இறங்கியதாகத் தெரியும். இன்று ராத்திரி அலாரம் அடித்ததும் எழுப்பி, விரலில் குத்திப் பாருங்கள். குளுக்கோமீட்டரிலும் 70க்குக் கீழே என்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, காலையிலேயே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இரவு மாத்திரை கிளிமிபிரைடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதன் வேகம் சீக்கிரம் அடங்காது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அம்மாவின் கிரியாட்டினின் அளவைச் செயலியில் யாராவது பதிந்தீர்களா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிபி மாத்திரை? அது அட்டெனலாலாக இருந்தால் சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையே மறைத்துவிடும், வியர்த்துக் கொட்டுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இதற்காகச் செயலியைத் தூக்கி மூலையில் போடாதீர்கள். ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைத்தான் சொல்லும், எந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் எவ்வளவு ஏறியது என்று சொல்லாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரை வைத்துச் செய்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை வேறுவேறு அளவில் ஏறியது. ரத்தப் பரிசோதனை, குடல் கிருமிகள், சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் கொடுத்ததும் யாருக்கு எவ்வளவு ஏறும் என்று கணினியால் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்க முடிந்தது. கொடுத்தால்தான் கணிக்கும். அதனால் எத்தனை இட்லி, எத்தனை மணிக்கு, வெள்ளிக்கிழமை விரதம் உண்டா, சில்வர் பீச்சில் நடந்தாரா என்று எல்லாவற்றையும் பதியுங்கள். அடுத்த சென்சாரை அவர் படுக்காத பக்கத்துக் கையில் ஒட்டி, இரண்டு வார வரைபடத்தை அச்செடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை மாற்றுவது அவர் வேலை.